ஊர்க்கல்லிற் பெயரில்லாதார்



போரில் மாண்டாரைக் கல்லில் நிறுத்துதல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியனார் அதற்குரிய துறைகளை வகுத்தோதினார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட நடுகல், ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கூடலூர் ஆகோட்பூசலில் வீழ்ந்தவன் பெயர் அந்துவன் என்று இன்றும் அறிவிக்கின்றது.

இனி, வேலூர் மணிக்கூண்டை நோக்குவோம். 1914ஆம் ஆண்டு மூண்ட பெரும்போருக்கு அவ்வூரினின்று 277 பேர் சென்றனர், 14 பேர் உயிர் நீத்தனர் என்கின்றது அதிலுள்ள கல். அப்பதினால்வர் யாவர்? கல் சொல்லவில்லை. பஸ்ராவில் 1929இல் திறக்கப்பட்ட பெரிய நினைவுச்சின்னத்திலும் அதிகாரிகள் பெயர் பெற்றனர். இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாயினர். வெள்ளையர்மேற் குறைகூறி அமைதல் எளிது. நடுகற்றுறையை மாணாக்கர்க்கு மனப்பாடஞ் செய்வித்த நாமும் ஊர்க்கல்லை ஒருகாலும் நின்று படித்தோமில்லை.

நம் குடும்பங்கள் சிலவற்றில் அப்போரின் வெள்ளிப் பதக்கங்கள் பெட்டியடியிற் கிடத்தல் கூடும். பதக்கத்தின் விளிம்பில் பெற்றவர் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டாரிடம் உருக்கக் கொடுக்குமுன் அவ்விளிம்பை விளக்கருகே பிடித்துப் படித்து, பெயரைச் சங்கத்துக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். மீளாதாரின் பெயர்களை அவரவர் ஊர்க்கல்லின் அருகே வெட்டுவிக்க எண்ணியுள்ளோம்.