பூனைக்குட்டிக்கு ஒரு வீடு



அதிகாலையிலே மீன்சந்தையின் ஓரத்திலோ கோயில் வீதியிலோ ஒரு கடதாசிப் பெட்டி கிடக்கும். அதனுள்ளே மூன்று நான்கு பூனைக்குட்டிகள் கதறிக்கொண்டிருக்கும். அவற்றைக் கொண்டுவந்து விட்டவர் கொடியவர் அல்லர். 'இரக்கமுள்ளவர் எவரேனும் எடுத்துச் செல்வார்' என்ற எண்ணத்துடனேயே விட்டுச் சென்றிருப்பார். ஆயினும், தம் இரக்கத்தைப் பிறர் தலையிற் சுமத்திவிட்டுப் போவது இரக்கமாகுமா என்பதே சிந்தித்தற்குரியது.

பூனைக்குட்டி கண் மூடிய நிலையிலேயே பிறக்கின்றது. 7 முதல் 10 நாட்களளவிற் கண் திறக்கும். நான்காம் வாரமளவில் உணவு தின்னப் பழகத் தொடங்கும்; தாய்ப்பாலை முற்றாக மறப்பதற்கு எட்டு வாரமளவு செல்லும். உடலைத் துப்புரவாக வைத்திருத்தலையும் தன் இனத்தோடு இணங்கி விளையாடுதலையும் அது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே கற்கின்றது. ஆதலின், எட்டு வாரம் நிறையுமுன் பிரித்தல் தகாது. அன்றியும், இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரின் கைபட்டு வளர்ந்த குட்டியே பின்னாளில் மனிதரை அஞ்சாது பழகும். நாள்தோறும் சிறிது நேரம் மெல்ல எடுத்துத் தடவும் பணியை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

இனி, வீடு தேடுதல். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடுவது கொடையன்று. வீட்டார் அனைவருக்கும் விருப்பம் உண்டா, அங்கு நாய் உண்டா, வெளியூர் செல்லும்போது உணவு வைப்பார் யார் என்பவற்றை நாணாது கேட்டறிதல் வேண்டும். இயலுமாயின் இரு குட்டிகளைச் சேர்த்தே கொடுத்தல் நன்று; ஒன்றுக்கொன்று துணையாகும். தாயோடு படுத்திருந்த துணித்துண்டையும் உடன் அனுப்பினால் புதிய இடத்தின் அச்சம் தணியும். முதலிரு வாரங்கள் வீட்டினுள்ளேயே வைத்திருக்கவும், பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்குமாதலின் மீனும் சோறும் நீருமே வைக்கவும் சொல்லிவிடல் வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சென்று பார்த்து வருவது கொடுத்தவரின் கடமை.

கடுவன் குட்டிகளைக் கேட்டுப் பெறுவோர் பலர். பெட்டைக் குட்டிகளை விரும்புவோர் சிலரே. 'குட்டி போட்டுப் பெருகுமே' என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் பொய்யன்று. பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே கருவுறக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும். குட்டிகளுக்குப் பாலூட்டும் காலத்திலேயே மறுபடியும் கருவுறுதலும் உண்டு. எனவே, தாய்ப்பூனைக்கு மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்காதவர், எத்தனை குட்டிகளுக்கு வீடு தேடினும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவரே ஆவர்.

விசர்நோய் நாயினால் மாத்திரமன்றிப் பூனையினாலும் பரவும். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் தடுப்பூசி போடுவித்தல் இன்றியமையாதது. பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

குட்டிகளைச் சாக்கில் இட்டு, 'தூரத்தில் விட்டு வா' என்று சிறுவன் கையிற் கொடுத்து அனுப்பும் வீடுகள் இன்றும் உள. வேண்டாத உயிரைக் கண்காணாத இடத்தில் விட்டுவிடலாம் என்பதே அன்று அவன் கற்கும் பாடம். அதே சிறுவனை அழைத்துக்கொண்டு அயலிலுள்ள நான்கு வீடுகளுக்குச் சென்று, விசாரித்து, தக்க கையில் அக்குட்டியை ஒப்படைப்பாராயின், நூல்கள் கூறும் சீவகாருணியத்தை அவன் கண்ணாற் கண்டவனாவான்.