வீட்டுப் பூந்தோட்டமும் வழிபாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



இம்மேடையில் எமக்கு முன்னர் பேசியோர் சித்தாந்தம், திருமுறை, ஆலய பரிபாலனம் முதலிய பெரும் பொருள்களை எடுத்து விளக்கினர். அவற்றை விளக்கும் வயதும் அறிவும் எமக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆதலால் நாம் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது நமது வளவுகளிற் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நிற்கும் பூங்கன்று.

தொடங்குமுன் ஒரு கேள்வி. இன்று காலை உங்கள் வீட்டுச் சுவாமி அறையில் வைத்த பூ எது? அதனைப் பறித்தவர் யார்? அந்தக் கன்றுக்கு நேற்று நீர் வார்த்தவர் யார்? வாலிப நண்பர்களுள் எத்தனை பேர் இதற்கு விடை கூறுவர் என்று நாம் அறியோம். சில வருடங்களுக்கு முன் எம்மாற் கூற முடிந்திருக்காது.

எமது வீட்டிற் பூவுக்குரியவர் அம்மம்மா. விடியுமுன் முழுகி, ஈரத்தலையோடு பூக்கூடை எடுத்து வளவைச் சுற்றி வருவார். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, துளசி என்று கூடை நிறையும். அது சூரியன் உதிப்பதுபோலத் தானாக நிகழும் காரியம் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஓராண்டு ஆனி மாதத்தில் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானார். வைத்தியம், செலவு, ஓட்டம் என்று வீடு அல்லற்பட்டதேயன்றி, தோட்டத்தை ஒருவரும் நினைக்கவில்லை. சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒன்றரை மாதத்திற் செவ்வரத்தைகள் இலை கொட்டிப் பட்டுப்போயின. துளசி மாடத்தில் வெறும் குச்சி நின்றது. சுவாமி படங்களுக்குக் கடையில் வாங்கிய பிளாத்திக்கு மாலைகளைத் துடைத்து மாட்டினோம்.

நல்லூர்க் கந்தன் கொடியேற்றத்தன்று அம்மம்மா படுக்கையிலிருந்தவாறே, “இண்டைக்குச் சாமிக்கு என்ன பூ வைச்சனீங்கள்?” என்று கேட்டார். “செவ்வரத்தை” என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “கிணத்தடிச் செவ்வரத்தை பட்டுப்போய் இரண்டு கிழமையாம், பிள்ளை” என்றார். பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கின்றனர். அதன்மேல் எம்மை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்று நாம் உணர்ந்தது இது: பத்துப் பேர் வாழும் வீட்டின் வழிபாட்டை ஒரு கிழவியின் முதுகில் ஏற்றிவிட்டு நாம் சைவர் என்று சொல்லித் திரிந்திருக்கின்றோம்.

நாம் பயின்றது ஒரு மிசன் பாடசாலை. அங்கே சனிக்கிழமை மாலைகளில் மறுநாள் ஆராதனைக்காகப் பூச்சாடிகளை அலங்கரிப்பர். யார் எந்த வாரம் பூக்கொண்டு வருவது, யார் பாத்திகளுக்கு நீர் வார்ப்பது என்று முறைப்பட்டியல் எழுதிச் சுவரிற் தூக்கியிருக்கும். எம் போன்ற சைவப் பிள்ளைகளும் பாத்திகளுக்கு நீர் வார்த்தோம். ஒருவர் வராவிடின் அடுத்தவர் செய்வார். பாத்தி ஒருநாளும் வாடியதில்லை. இதனை நாம் ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை. நாவலர் பெருமானும் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கே கற்பித்து, அங்கு கண்ட நல்ல ஒழுங்குகளைச் சைவத்துக்குப் பயன்படுத்தியவரே. நல்ல ஒழுங்கு எங்கிருந்தாலும் கைக்கொள்ளத்தக்கதேயாம்.

இனி, தோட்டத்தை எவ்வாறு பேணுவது என்பதைப் பருவ முறையிற் கூறுவோம். இவை அம்மம்மா கட்டிலிற் கிடந்தவாறு சொல்ல, நாம் வளவில் நின்று செய்து பழகியவை.

பஞ்சாங்கத்தில் வருடப்பிறப்பு சித்திரையில் வருகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டத்துக்கோ வருடப்பிறப்பு ஐப்பசியில். நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிற் பெய்து முடிந்துவிடும். ஆகவே தடி நடுவதற்கு அதுவே காலம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி என்பவற்றில் விரற்பருமனுள்ள முற்றிய தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கழித்து, சற்றுச் சரிவாக ஊன்றினாற் போதும். மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நித்தியகல்யாணியை விதை தூவி எடுக்கலாம். நீர் தேங்கும் இடத்தில் மாத்திரம் நடலாகாது, வேர் அழுகிவிடும். இக்காலத்திலே வேலிகளிற் கார்த்திகைப்பூச் சுடர்விடும். வெளியெங்கும் தும்பை பூக்கும். கந்தசட்டிக்கும் பிள்ளையார் கதைக்கும் பூவுக்குக் குறைவில்லை.

மார்கழியிற் திருவெம்பாவைச் சங்கொலி கேட்கும்போது வாடைக்காற்றும் பனியும் வந்துவிடும். மழை ஓய்ந்ததும், தை பிறக்கும் வேளையில், மல்லிகையைக் கத்தரித்துவிடல் வேண்டும். பழைய கொடியை வெட்ட முதலில் எமக்கு மனம் வரவில்லை. “வெட்டாட்டில் இலைதான் பார்ப்பாய்” என்றார் அம்மம்மா. வெட்டினோம். பங்குனியில் புதுத்துளிரெங்கும் அரும்பு கட்டியது. மல்லிகை புதிய தளிரிலேயே பூப்பது என்பதைத் தாவரவியற் புத்தகத்திற் படித்திருந்தோம், நம்பியது அன்றுதான். மாசியிற் சிவராத்திரி. வில்வமரம் உள்ள வீடு அன்று ஊருக்கெல்லாம் சொந்தமாகிவிடும்.

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும். கொன்றை பொன்சொரிவது இப்பொழுதே. வேம்பும் பூக்கும், மரத்தின் கீழே பாய் விரித்துப் பூவைச் சேர்த்து வடகத்துக்குக் காயவைப்பது நம் தாய்மார் அறிந்ததே. மண்ணை மூடவேண்டிய காலமும் இதுவே. பூவரசங்குழை, வேப்பங்குழை முதலியவற்றைத் தோட்டங்களிற் தாழ்ப்பது நம் முன்னோர் கைக்கொண்ட முறை. பூங்கன்றின் அடியிலும் குழையைத் தாழ்த்து, மேலே சருகும் காய்ந்த ஓலையும் பரப்பினால், வார்த்த நீர் வெயிலிற் பறந்துபோகாது. மக்கிய குழை எருவுமாகும்.

வைகாசி முதல் ஆவணி வரை சோளகம். தோட்டத்துக்குச் சோதனைக் காலம் இது. கிணறு கீழிறங்கும், காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும், செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சுபோன்ற பூச்சி ஒட்டும். அக்கொப்பை வெட்டி எரித்து, எஞ்சியதில் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரிற் கலந்து தெளித்தல் நன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகின்றோம். நீர் மிகக் குறைந்த இந்த ஆடி, ஆவணியிலேதான் நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா நிகழ்கின்றது. பூ அரிதான காலத்திலேயே பூ மிகுதியும் வேண்டப்படுகின்றது. ஆதலால் ஐப்பசியிற் தடி ஊன்றாதவனுக்கு ஆவணியிற் பூ இல்லை.

இக்கோடையைத் தாங்கும் வகையில் நம் முன்னோர் தேர்ந்த மரங்கள் அலரியும் பொன்னலரியும் நந்தியாவட்டையும். அலரி வகைகளின் பாலும் விதையும் நஞ்சாதலால் சிறுபிள்ளைகள் கைபடாது காத்தல் வேண்டும். புரட்டாதியில் நவராத்திரியோடு பழைய கொப்புகளைக் கழித்து, பாத்தி கொத்தி, மழைக்கு ஆயத்தமாகலாம். இவ்வாறு சக்கரம் ஒருமுறை சுழன்று நிற்கும்.

நண்பர்களே! இத்தனையும் தங்கியிருப்பது கிணற்றில். நமது மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய மழைநீரே நமது கிணற்று நீர். அந்த நன்னீர் கடலின் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறும். துலா மிதித்த காலத்திற் காலும் கையும் நோகும். எவ்வளவு நீர் எடுத்தோம் என்பதை உடம்பே சொல்லும். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு நோவு இல்லை. மேலும், மண்ணில் மிகையாக இட்ட செயற்கை உரம் மழையோடு கரைந்து, கல்வெடிப்பினூடே கிணற்றுக்கே இறங்குகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பூவுக்கென இட்ட உரம் குழந்தையின் பாற்போத்தலுக்குள் வருமாயின், அப்பூவை எந்தத் தெய்வம் விரும்பும்?

இன்று பல வீடுகளில் முற்றத்துக்குச் சீமெந்து பூசிவிடுகின்றனர். கிளுவையும் பூவரசும் நின்ற வேலிக்குப் பதிலாக மதில் எழுகின்றது. கள்ளர் பயம், கூட்டிப் பெருக்கும் கஷ்டம், வேலி அடைக்க ஆள் இல்லாமை என்று நியாயமான காரணங்கள் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயினும் சீமெந்தில் விழுந்த மழை வீதிக்கு ஓடும். மண்ணில் விழுந்த மழையே கிணற்றுக்கு இறங்கும். பூங்கன்றுக்கென விட்ட ஐந்து முழ மண், கிணற்றுக்கு விட்ட வாயிலுமாகும். வேலி இருந்த காலத்தில், “ஆச்சி, இரண்டு பூப் பறிக்கட்டோ?” என்று கேட்கும் உறவும் இருந்தது. மதிலைப் பார்த்து அவ்வாறு கேட்க முடியுமா?

திருப்புகலூரிலே வாழ்ந்த முருகநாயனார் வரலாற்றைப் பெரியபுராணத்திற் படித்திருப்பீர்கள். விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரையும் கொய்து, மாலைகளாகத் தொடுத்துச் சாத்தியதே அவர் செய்த தொண்டு. அறுபத்துமூவருள் ஒருவராவதற்கு அத்தொண்டு போதியதாயிற்று. நீராடிப் பறித்தல், மோந்து பாராதிருத்தல், வாடியதையும் புழு அரித்ததையும் விலக்கல் என்ற விதிகளெல்லாம், எதிரே நிற்பவர் ஒருவர் உண்டு என்ற நினைவை நம்மிடம் உண்டாக்குதற்கே. கடையிற் பூ வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. பூக் கட்டி விற்றுப் பிழைக்கும் ஏழைத் தாய்மார் பலர். அவர்களிடம் வாங்குவதும் அறமே. ஆனால் நாமே நீர் வார்த்த கன்றின் ஒரு பூவேனும் நாளும் சுவாமிக்கு இருக்கட்டும் என்கின்றோம்.

எமது வளவில் எல்லாம் பட்டுப்போன அந்த ஆடியில் ஒரு நந்தியாவட்டை மாத்திரம் பட்டுப்போகவில்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவும் விட்டுச் சென்ற மரம் அது. மறுவருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை. கதவு, யன்னல் இல்லை. கிணற்றடியில் அந்த மரம் பூத்து நின்றதாம். முதல் வேலையாகப் பூப் பறித்துச் சுவரில் இருந்த ஒரு மாடத்தில் வைத்ததாகச் சொன்னார். அந்த ஐப்பசியில் நாம் முதலில் ஊன்றியவை அதன் தடிகளே. வீட்டில் முறைப்பட்டியலும் எழுதினோம். எமது முறை செவ்வாயும் வெள்ளியும். தம்பி தன் முறையை மறந்தால் தங்கை நினைவூட்டுவாள். மறு ஆண்டு வைகாசியில் அம்மம்மா சிவபதமடைந்தார். அன்று அவர் தலைமாட்டில் வைத்தது எமது வளவுப் பூவே.

ஆகவே இச்சங்கத்தின் வாலிபர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. ஒன்று: வருகிற ஐப்பசியில் ஒவ்வோர் அங்கத்தவரும் தம் வளவில் ஐந்து பூங்கன்றுகளேனும் நடுவோம், வளவு இல்லாதவர் சட்டியிலே ஒரு துளசி வைப்போம். இரண்டு: வேரூன்றிய கன்றுகளில் ஒன்றை, கன்று இல்லாத வீட்டுக்குக் கொடுப்போம். மூன்று: வீட்டிற் பூப் பறிப்பவர் யாரோ, அவரிடம் இன்றே சென்று, எந்தக் கன்றுக்கு எப்போது என்ன செய்வது என்று கேட்டறிவோம். இம்மூன்றாவதைப் பின்போட வேண்டாம். மழை அடுத்த வருடமும் வரும். சொல்லித்தருபவர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

நந்தியாவட்டைத் தடி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எம்மைக் காண்க. ஒரு கட்டுக் கொண்டுவந்திருக்கின்றோம்.