சாரல் கால வாடகை

2011-இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கிய ஸோஹோ நிறுவனத்தார் இன்று மத்தளம்பாறையிலிருந்து மென்பொருள் எழுதுகின்றனர். அம்மென்பொருளை இயக்கும் கணிப்பொறிகளோ தொலைவிலுள்ள தரவு மையங்களில் இருக்கின்றன. இதுவே மேகக் கணிமை. மேகம் என்றதும் குற்றால மலையில் தவழ்வதை எண்ணிவிட வேண்டாம். வேறோரிடத்துக் கணிப்பொறி, அவ்வளவே.

கலப்பு மேகம் என்பது யாது? குற்றாலத்து விடுதிகளுக்கு அறைப்பதிவு நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்வோம். ஆனி, ஆடிச் சாரலில் அறை தேடுவோர் பன்மடங்கு பெருகுவர். அக்கூட்டத்துக்கென இயந்திரங்களை வாங்கினால், எஞ்சிய மாதங்களில் அவை வீணே கிடக்கும். ஆகவே விருந்தினர் விவரத்தையும் கணக்கையும் சொந்தக் கணிப்பொறியில் வைத்துக்கொண்டு, அறை காட்டும் பணியை மட்டும் சாரல் காலத்தில் வாடகைக் கணிப்பொறிகளிடம் விடலாம்.

வாடகையிலும் ஒரு நுட்பம் உண்டு. தரவை உள்ளே அனுப்பப் பெரும்பாலும் கட்டணமில்லை. வெளியே எடுக்கத்தான் கட்டணம். பணம் செலுத்திய விவரங்களை இந்தியாவிலேயே வைத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் பணப் பரிமாற்ற அமைப்புகளுக்கு ஆணையிட்டதும் நினைவிருக்கட்டும்.

ஆயினும் வடிவமைப்போரின் திறம் வெளிப்படுவது இணைப்பு அறுந்த வேளையில்தான் என்பது என் துணிபு. இரு பக்கமும் தனித்தனியே பதிவு செய்தால், ஓர் அறை இருவருக்குப் போய்விடும். ஆதலின் உறுதிச்சீட்டு வழங்கும் உரிமை சொந்தக் கணிப்பொறிக்கே இருத்தல் வேண்டும். வாடகைப் பக்கம் விண்ணப்பங்களை வரிசையில் நிறுத்திக் காத்திருக்கட்டும். இணைப்பு மீண்டதும் முதலில் நிற்பவருக்கே அறை.