முதற் பசு வாங்குமுன்

குஜராத்தில் குடியேறிய நம்மவருள் பால்மாடு வளர்க்க விழைவோர் முதலிற் சந்தைக்கு விரைகின்றனர். நாம் முதலிற் புல்லை விளைவிப்போம். பசுவொன்றுக்கு நாள்தோறும் ஏறக்குறைய 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ உலர்தீவனமும் வேண்டும்.

நமது காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும் பெயர்பெற்றது. பாலுக்கோ சௌராஷ்டிரத்துக் கிர் இனமே ஏற்றது. அந்நாட்டு வெயிலும் அதற்குப் பழக்கம்.

கன்று ஈனுமுன் 2 மாத காலம் கறவையை நிறுத்திப் பசுவுக்கு ஓய்வளித்தல் வேண்டும். அப்பொழுதும் அது தின்னும், வருவாயோ இராது. கைப்பொருள் கரைந்து பலர் மாட்டை விற்பது இக்காலத்திலேயாம். ஆதலின் இரு பசுக்களையும் ஒருசேர வாங்காது, 6 மாத இடைவெளியில், கன்று ஈன்றவையாகப் பார்த்து வாங்குவோம். ஒன்று வற்றுங்கால் மற்றொன்று கறக்கும். நம் அடுப்பும் அணையாது.