இருட்டும் வேணும், வெளிச்சமும் வேணும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பத்தாவதோட படிப்பு நின்னுபோச்சு. காளான் பற்றிப் பேசினால் போதும்னு சொன்னதால தைரியமா வந்து நிற்கிறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். கடன் வாங்கி, தென்னங்கீத்துல குடில் போட்டு, சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பித்தோம். முதல் தடவை 40 படுக்கை. வைக்கோலைத் துண்டு போட்டு, ஊற வைத்து, வேக வைத்து, கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தினோம். பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்குன்னு மாறி மாறிப் போட்டுக் கட்டினோம். 18 நாளில் படுக்கை முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளை இழை பரவிவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம்.

தப்பு அதுக்கப்புறம்தான் நடந்தது. அந்தத் தப்பைச் செய்தது நான்தான். காளான் இருட்டுலதான் வளரும்னு சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கோம் இல்லையா? பையைக் கிழித்த பிறகு குடிலை இன்னும் இறுக்கமா மூடச் சொன்னேன். சாக்கு, தார்ப்பாய் போட்டு ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாம அடைத்தோம். வந்த காளானைப் பார்த்தால் காம்பு விரல் நீளம், தலை சட்டைப் பொத்தான் அளவு. சிலது தலையே இல்லாம கிளை கிளையா நின்னுச்சு. கடைக்காரர் கையில்கூட எடுக்கலை. அந்த மாதத் தவணையை எங்கள் சேமிப்பிலிருந்து கட்டினோம். "பேசாம கூலி வேலைக்கே போயிருக்கலாம்"னு ஒரு அக்கா கண் கலங்கினாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் நாலு காளானைப் பையில் போட்டுக்கிட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் பார்த்த உடனே, "குடிலை மூடியே வச்சிருந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. "குடிலைப் பார்க்காமலே எப்படித் தெரிஞ்சுது மேடம்?"னு கேட்டேன். "அதான் காளானே சொல்லுதே"ன்னாங்க.

அவங்க விளக்கினதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். காளான் செடி இல்லை, பூஞ்சை. வெயிலை வைத்து அது உணவு தயாரிக்காது. வைக்கோலைத்தான் தின்கிறது. அதனால் இழை பரவும்போது அதுக்கு இருட்டே போதும். ஆனால் நாம் சாப்பிடுகிற காளான் என்பது பூஞ்சையின் பூ மாதிரி. விதை மாதிரி நுண்ணிய தூளை அதிலிருந்துதான் காற்றில் விடும். மரத்துக்குள்ளேயோ வைக்கோலுக்குள்ளேயோ விட்டால் தூள் பறக்குமா? அதனால், நாம வெளியே வந்துட்டோமான்னு பூஞ்சை தெரிஞ்சுக்கணும்.

அதுக்குக் கண் கிடையாது. ஆனால் அதன் செல்லுக்குள் நீல ஒளியை உணரும் புரதம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் நீலமும் கலந்திருப்பதால், குடிலில் வெளிச்சம் விழுந்ததும் மொட்டு விட்டு ஒழுங்கா வளரலாம்னு பூஞ்சைக்குத் தெரிந்துவிடும். நியூரோஸ்போரா என்கிற ரொட்டிப் பூஞ்சையின் இழை இருட்டில் வெளுத்திருக்கும். வெளிச்சம் பட்டால் ஆரஞ்சு நிறமாகும். கேரட்டுக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருளை அது உண்டாக்குகிறது. வெயில் தன்னைக் கெடுக்காமல் இருக்க அது போட்டுக்கிற குடை அது.

இரண்டாவது காற்று. பூஞ்சையும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. மூடிய குடிலில் கரியமில வாயு சேர்ந்துவிடும். இன்னும் உள்ளேயே மாட்டிக்கிட்டிருக்கோம்னு நினைத்து, நல்ல காற்றைத் தேடிக் காம்பை நீட்டும். தலையை விரிக்காது. எங்கள் காளான் நீண்டு போனதுக்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வெப்பம். இழை வளரும்போது படுக்கைக்குள்ளே தானாகவே சூடு உண்டாகும். குடிலை விடப் பை சூடா இருக்கும். லேசான சூட்டை அது தாங்கும். முட்டை வெந்தால் கெட்டியாகிற மாதிரி தன் புரதம் கெடாமல் இருக்கத் தனியா காப்புப் புரதம் தயாரிக்கும். வெயில் காலத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் தடுமாறிப் போகும். அதனால் பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காதீங்க, இடைவெளி விட்டுத் தொங்க விடுங்க.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயைக் கழற்றினோம். ஜன்னலில் கொசுவலை கட்டினோம். நேர் வெயில் படாமல், உள்ளே நின்று பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் வர வைத்தோம். காலை, மாலை கதவைத் திறந்து வைத்து, தரையிலும் சாக்கிலும் தண்ணீர் தெளித்தோம். படுக்கைகளைத் தூக்கிப் போடலை. அடுத்த அறுவடை அதே படுக்கையிலிருந்துதான் வந்தது. தலை உள்ளங்கை அளவு விரிந்திருந்தது. கண் கலங்கின அக்காதான் முதல் கூடையைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க இதை மட்டும் மனசில் வைங்க. காம்பு நீண்டு தலை சிறுத்தால் காற்று போதலை. இழை நன்றாகப் பரவியும் மொட்டு வரலைன்னா முதலில் வெளிச்சத்தைப் பாருங்க. ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதலை. அறுவடைக்குப் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்குங்க, அந்தத் தூள் சிலருக்கு இருமலும் ஒவ்வாமையும் தரும்.

காளான் ஒரு நாளைக்கு ஒரு நிலையில் இருக்கும். நேத்து கேட்டது இன்னைக்குக் கேட்காது. தினமும் போய்ப் பாருங்க. கெட்டுப்போனால் தூக்கிப் போடுறதுக்கு முன்னால் ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டிக் கேளுங்க. நான் கேட்காம இருந்திருந்தால் அந்தக் குடில் இன்னைக்கு விறகு அடுக்குற இடமா இருந்திருக்கும்.