இலவச சேனலுக்கு கார்டு நம்பர் எதற்கு?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

போன மாதம் எனக்கு ஒரு போன். "சார், உங்க டிவியில இலவச சேனல் ஆக்டிவேட் பண்ண பத்து ரூபாய்தான், கார்டு நம்பர் சொல்லுங்க." முப்பது வருஷம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன், பர்ஸைக் கையில் எடுத்துவிட்டேன்! "இலவசம்னா கார்டு எதுக்கு?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான் போனை வைத்தேன்.

டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த சேட்டிலைட் சென்னைக்குத் தென்கிழக்கே இருக்கிறது. வடக்கு பார்த்த பால்கனியில் டிஷ் வைத்துப் பயனில்லை. அவர்களுக்கு இன்டர்நெட் கைகொடுக்கும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பில் டிடி தமிழ் நேரலையாக வருகிறது. அதில் கட்டணத் திட்டங்களும் உண்டு. தூர்தர்ஷன் பார்க்க அவை தேவையில்லை. தந்தி டிவி, புதிய தலைமுறை செய்திகள் யூடியூபிலேயே வருகின்றன.

செலவு டேட்டாவில்தான். எச்.டி.யில் மணிக்கு 1 ஜிபிக்கு மேல் போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பார்த்தால் தினசரி 2 ஜிபி சீரியல் நேரத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். வீட்டு வைஃபை நல்லது.

ஆப்பை டிவியின் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வேண்டாம். ஓடிபியை நீங்களே திரையில் போடுங்கள், போனில் யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரு மாதம் பார்த்துத் திருப்தியான பிறகு கேபிளை நிறுத்துங்கள்.

சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், வந்து போட்டுத் தருகிறேன். காபி மட்டும் போதும்.