கடிவாளம் பிடிக்கும் தோழி

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், குதிரைச் சவாரி பயிலும் சிறுமியரின் நட்பு. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வானொலியருகே அமர்ந்திருக்கும் தாய்மார் சிலர், "கொழுந்து பறிக்கும் நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நகைக்கக்கூடும். அந்த நகைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அந்நட்பு எதனால் விளைகிறது என்று ஆராய்ந்து பார்த்தால், நம் பெண்மக்களுக்கு வேண்டிய ஒன்று அதனுள் அடங்கியிருப்பது புலப்படும்.

குதிரை ஊவா மலைக்குப் புதிய பிராணி அன்று. கோப்பிக் காலத்திலும், அதன்பின் தேயிலை வேரூன்றிய காலத்திலும், மோட்டார் வண்டி வருமுன், துரைமார் மலைத்தடங்களில் குதிரைமீது அமர்ந்தே தோட்டங்களைச் சுற்றி வந்தனர். அக்குதிரைக்குத் தீனி வைத்து, உடம்பு தேய்த்து, சேணம் பூட்டிக் கொடுத்தவர் குதிரைக்காரர். பேணியவர் ஒருவர், ஏறியவர் வேறொருவர். குதிரை கட்டும் கொட்டகைக்கு லாயம் என்று பெயர். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். பின்னது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வழி வந்ததாயினும், இரண்டு சொற்களும் ஒலியால் நெருங்கி நிற்பதைக் கேட்கும்போது மனம் சற்றே உறுத்தத்தான் செய்கிறது.

குதிரையேற்றம் ஆடவர்க்கே உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது. சிவகங்கையை 1780ஆம் ஆண்டில் மீட்ட வேலு நாச்சியாரை நினைக்கும்போதெல்லாம் அவர் ஏறிய குதிரையும் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். அண்மைக் காலத்தில், இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மத்தில்டா கார்ல்சன் என்ற பெண்மணி, 2021ஆம் ஆண்டில் தோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலே, இலங்கையின் சார்பில் குதிரைப் போட்டியில் கலந்துகொண்டார்.

இனி, சவாரி வகுப்பு ஒன்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். பிரித்தானியாவில் 1929ஆம் ஆண்டு சிறுவர் சிறுமியர்க்கென்று 'போனி கிளப்' என்ற சங்கம் நிறுவப்பட்டது. குதிரை ஏறுவதோடு குதிரையைப் பேணவும் வேண்டும் என்பது அதன் பாடம். ஆகவே மாணவி முதலில் தரையில் நிற்கவே கற்கிறாள். குதிரை தன்னைக் காணும்படி பக்கவாட்டில் நெருங்க வேண்டும், பின்புறமாகப் போகலாகாது. தீனியை விரித்த உள்ளங்கையில் வைத்தே நீட்ட வேண்டும். விரலை மடக்கினால் கடிபடும். உரோமத்தைத் தூரிகையால் தேய்க்க வேண்டும்; குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் அகற்ற வேண்டும். சேணத்தின் வார்ப்பட்டையை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். சற்று நேரம் பொறுத்து மறுபடியும் இறுக்காவிட்டால், ஏறுகின்றவள் சேணத்தோடு சரிந்து விழுவாள். இதைத் தோழிக்கு நினைவூட்டுகின்றவளே நல்ல தோழி.

பின்னர் ஒருத்தி இடப்புறமாக நின்று ஏறுகிறாள். மற்றொருத்தி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உடன் நடக்கிறாள். சிறிது நேரத்தில் நடந்தவள் ஏறுவாள். ஏறியவள் இறங்கி நடப்பாள். நட்பின் வித்து இங்கேதான் விழுகிறது. குதிரை தன் முதுகின்மேல் இருப்பவளின் அச்சத்தை உடனே உணர்ந்துகொள்ளும். அவள் உடல் விறைத்தால் அதுவும் விறைக்கும். எனவே அச்சத்தை மறைத்து வீறாப்புப் பேசுவதால் அங்கே பயனில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல, "நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மற்றொருத்தி விடை கூறுகிறாள். இந்த இரண்டு வாக்கியங்களின்மேல் எழும் நட்பு எளிதில் சரிவதில்லை.

மற்றொரு சிறப்பும் உண்டு. குதிரைக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. காலின் அழுத்தமும் கையின் இளக்கமுமே அதற்கு மொழி. தகப்பனாரின் உத்தியோகம் யாது என்று அது கேட்பதில்லை. அதன் முன்னே எல்லாச் சிறுமியரும் ஒரே வகுப்பினர்.

லிஸ் ஹார்ட்டெல் என்ற டென்மார்க்குப் பெண்மணியின் வரலாற்றை இங்கே கூறவேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே வலுவில்லாமற் போயிற்று. பிறர் தூக்கி ஏற்றினாலன்றி அவரால் குதிரைமேல் அமர இயலாது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரை நடைப்பயிற்சிப் போட்டியில் பெண்களும் ஆண்களோடு கலந்துகொள்ள முதன்முதல் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டே அம்மாது வெள்ளிப் பதக்கம் பெற்றார். பிறர் கைகொடுத்து ஏற்றிவிட்ட ஒருவர், ஏறியபின் உலகையே வியக்கச் செய்தார்.

சரி, குதிரைக்குக் கொஸ்லந்தையில் எங்கே போவது? பிள்ளையின் பாதணிக்கும் கொப்பிக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பத்திடம் குதிரை வாங்கச் சொல்வது பரிகாசமாகும். ஆனால் குதிரையில்லாமலே இந்தப் பாடம் நடந்த இடம் ஒன்று உண்டு. அது, தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் புறப்பட்டு வந்த ஊர்களுள் ஒன்றாகிய புதுக்கோட்டைச் சீமை. 1990களின் தொடக்கத்தில், அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டியபோது, அதனோடு பெண்களுக்குத் துவிச்சக்கரவண்டி ஓட்டவும் கற்பித்தது. அப்போது அம்மாவட்டத்தின் ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரிதும் துணைநின்றார். வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், பள்ளி மாணவியர் எனப் பல திறத்தாரும் பழகினர். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று, 1500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்துக்கொண்டு நகர வீதிகளில் வண்டியோட்டி வந்தனர்.

அங்கே நடந்ததும் சவாரி வகுப்பில் நடப்பதேயன்றி வேறன்று. ஒருத்தி மிதிக்க, மற்றொருத்தி பின்னே பிடித்துக்கொண்டு ஓடினாள். கற்றுக்கொண்டவள் கற்பிக்கின்றவள் ஆனாள். ஆண்கள் ஓட்டும் வண்டியே வசதி என்று கருதியவர்களும் இருந்தனர். அதன் முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா!

ஊவாவின் செங்குத்துப் பாதையில் துவிச்சக்கரவண்டி ஏறாது என்பீர்கள். உண்மைதான். வண்டியும் குதிரையும் இங்கே உவமைகள். சிறுமியர் இருவர், தனியே செய்ய அஞ்சும் ஒன்றை, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. அது வலைப்பந்தாட்டமாயிருக்கலாம், பாட்டாயிருக்கலாம், சிங்களச் சிறுமி தமிழும், தமிழ்ச் சிறுமி சிங்களமும் மாற்றிக் கற்பதாயிருக்கலாம்.

இதற்கு வேண்டியவை இரண்டே: ஒரு திடல், ஒரு மணி நேரம். திடல் பல இடங்களில் இருக்கிறது. நேரந்தான் இல்லை. பள்ளி விட்டு வந்த பையன் பந்தெடுத்துக்கொண்டு ஓடுகிறான். அதே பள்ளியிலிருந்து வந்த பெண் தண்ணீர்க் குடத்தை எடுக்கிறாள், அல்லது தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறாள். பாடசாலைக்கு வெளியே தோழியோடு நின்று பேசினால் "என்ன வீண் பேச்சு?" என்ற அதட்டல் கேட்கிறது. சில ஆண்டுகளில் ஒருத்தி கொழும்புக்கு வேலைக்குப் போகிறாள். ஒருத்தி மணமாகி வேறு தோட்டம் போகிறாள். ஆழ வேரூன்றாத சிநேகம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

தோழமை ஓர் அலங்காரப் பொருள் அன்று என்பதைக் கொஸ்லந்தைக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியோர் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தனர். அப்படிப்பட்ட நாளில் ஒரு பிள்ளைக்கு அரிசியும் கம்பளியும் வேண்டும். அவற்றோடு, "நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லப் பழகிய கூட்டாளி ஒருத்தியும் வேண்டும். அந்தப் பழக்கம் துன்பம் வந்தபின் தொடங்குவதன்று; முன்னரே உண்டாயிருக்க வேண்டும்.

ஆதலால் தாய்மாரே, தந்தைமாரே, வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், உங்கள் மகளின் இடுப்பிலிருக்கும் குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, அந்த ஒரு மணி நேரத்துக்குத் திடலைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். எதைக் கற்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.